புட்டுவின் பட்டினி

நிருசன் சுவிஸ் ஆமிப் பயிற்சிக்கென்று தூன் முகாமுக்குப் போன நாளிலிருந்து புட்டு ஒன்றும் சாப்பிடவில்லை.

புட்டு என்றால் பாம்பு. பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளுகிற சின்னச் சாதி மலைப்பாம்பு. கடும் கபிலத்தில் வெளிர்த் திட்டுகள் விழுந்திருந்த அதன் உடம்பைப் பார்த்து, "குரக்கன் புட்டிலை தேங்காய்ப்பூ போட்ட மாதிரி இருக்கு" என்று நிருசன் வைத்த பெயர். அன்றோடு அவனுடைய தகப்பன் பாலச்சந்திரன் குரக்கன் புட்டுச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

புறப்படுகிற அன்று நிருசன் கண்ணாடிக் கூட்டின் திறப்பைத் தாயின் கையில் வைத்தான்.

"இனி இது உங்கடை பாம்பு அம்மா. நான் திரும்பி வந்தாலும் கேக்கமாட்டன்."

சிவகலா அதைப் பகிடி என்றுதான் எடுத்தாள். அவள் ஒரு பூனைகூட வளர்த்ததில்லை. ஊஸ்டர் நகரில் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் காலை வேலை. மத்தியானத்துக்கு முன்னர் வீட்டுக்கு வந்துவிடுவாள். முதல் நாள் கூட்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றினாள்.

மகன் குரல்பதிவுகளாக அனுப்பிய பாடங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகினாள். கூட்டின் ஒரு பக்கம் சூடாக இருக்கவேண்டும், மற்றப் பக்கம் குளிராக இருக்கவேண்டும். ஒளித்துக்கொள்ள ஒரு பொந்து வேண்டும். எலியை உயிரோடு கொடுக்கக் கூடாது. உறைய வைத்ததை எடுத்து, வெந்நீரில் இளக்கி, நீள இடுக்கியால் பிடித்து நீட்டவேண்டும். "முக்கியமா அம்மா, அது சாப்பிடத் தொடங்கும்வரைக்கும் தூக்காதேங்கோ. தொட்டால் பயந்து இன்னும் சாப்பிடாது."

கடைசிப் பாடத்தை மட்டும் சிவகலா கேட்கவில்லை.

ஒரு நாள் கூடு துடைக்கும்போது, வேறு வழியில்லாமல் அதைத் தூக்கினாள். ஈரமாக, வழுவழுவென்று இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். காய்ந்த பட்டுத் துணிபோல இருந்தது. அவளுடைய மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டி முழங்கை வரைக்கும் மெல்ல ஏறிவந்தது. மகன் இல்லாத வீட்டில் அந்தப் பாரம் அவளுக்குப் பிடித்துப்போனது. அடுத்த நாளும் தூக்கினாள். அதற்கடுத்த நாளும்.

அதனால்தான் சாப்பிடவில்லையோ என்ற பயம் இப்போது அவளை அரித்துக்கொண்டிருந்தது. பாம்பு மெலிந்துவிட்டது. முதுகெலும்பு கூரை முகடுபோல எழும்பித் தெரிந்தது.

போதாததற்கு நேற்றுக் காலை பாலச்சந்திரன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு ஒருக்கால் குடுத்துப் பாரும். தின்னாட்டில் மிருகக் காப்பகத்திலை கொண்டுபோய் விடுறன். நான் கதைச்சிட்டன். என்னாலை ஏலாது கலா."

அவரில் பிழை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து போனபோது, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத் தரையில் படுத்திருந்த அவருடைய தங்கச்சியை எண்ணெய் விரியன் கடித்தது. விடிய எழுப்பினால் பிள்ளை எழும்பவில்லை. "இதுக்கு நஞ்சு இல்லை அப்பா" என்று நிருசன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். பாலச்சந்திரனும் தலையாட்டுவார். ஆனால் பாம்பு இருந்த நிருசனின் அறைக் கதவைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

அந்த 'நாளைக்கு' இன்றைக்கு வந்துவிட்டது.

சிவகலா வேலையிலிருந்து வந்த கையோடு நிலவறைக்கு இறங்கி, அங்கேயிருந்த குட்டிப் பிறீசரிலிருந்து ஒரு சின்ன எலியை எடுத்துவந்தாள். வாளியில் வெந்நீர் விட்டு அதை இளக்கினாள். கடதாசித் துவாயால் ஈரம் ஒற்றினாள். சூடு போதாதென்று பட்டது. ஹெயார் டிரையரைப் பிடித்து எலியின் தலையைச் சூடாக்கினாள். இதற்குள் இரண்டு தரம் அது கையிலிருந்து வழுக்கி விழுந்து, இரண்டு தரமும் வெறுங்கையாலேயே எடுத்தாள்.

இடுக்கியில் எலியைக் கவ்விக்கொண்டு அறைக்குள் வந்தாள். திரைச்சீலையை இழுத்து இருட்டாக்கினாள். கண்ணாடியை நகர்த்தினாள்.

புட்டு பொந்துக்குள் இருந்தது. தலை மட்டும் வாசலில். நாக்கு வழமையைவிட வேகமாக உள்ளே வெளியே போய்வந்தது. கழுத்து ஆங்கில எஸ் எழுத்துப்போல மடிந்திருந்தது. இப்படி அவள் இதுவரைக்கும் கண்டதில்லை.

'பசிக்குது. இண்டைக்குத் தின்னப் போகுது.'

ஆனால் தண்ணீர்க் கிண்ணம் பொந்து வாசலை மறித்துக்கொண்டிருந்தது. எலியை நீட்ட இடம் போதாது. இடுக்கியைக் கூட்டின் விளிம்பில் வைத்துவிட்டு, கிண்ணத்தை நகர்த்தக் கையை உள்ளே விட்டாள்.

சூடான கை. எலி மணக்கிற கை.

எப்படி வந்தது என்று அவள் பார்க்கவேயில்லை. பெருவிரலுக்குக் கீழே சதையில் நூறு ஊசி ஒன்றாகக் குத்தியதுபோல இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்தாள். பாம்பும் கையோடு வெளியே வந்தது. மறுகணம் மணிக்கட்டைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவதாக விரல்களையும் சேர்த்து.

"ஐயோ பிள்ளையாரப்பா!"

நிலத்தில் இருந்துவிட்டாள். புட்டு அவளை எலியென்று நினைத்துவிட்டது. கடித்து, சுற்றி, நெரிக்கிறது. தன் வாழ்நாளில் வேறெதையும் இப்படி நம்பிப் பிடித்திராததுபோல நெரித்தது.

இழுக்கக்கூடாது. அது ஞாபகம் வந்தது. பல்லெல்லாம் உள்பக்கம் வளைந்தது. இழுத்தால் சதையும் கிழியும், பாம்பின் வாயும் கிழியும். நிருசனின் குரல் காதில் கேட்டது. ஆனால் இழுக்கக்கூடாதென்றால் என்னதான் செய்வது? அந்தப் பாடத்தை எந்தப் பதிவில் சொன்னான்?

இடக்கையால் கைத்தொலைபேசியைத் தட்டி மகனை அழைத்தாள். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. பயிற்சி நேரத்தில் எடுக்கமாட்டான். தெரிந்துகொண்டே திரும்பவும் அடித்தாள்.

விரல் நுனிகள் கறுத்துக்கொண்டு வந்தன. மணிக்கட்டால் இறங்கிய இரத்தம் சேலைத் துணியில் தைத்த வீட்டுச் சட்டையில் சொட்டியது. அவள் மூச்சைக் கட்டுப்படுத்தப் பார்த்தாள். தான் பதறினால் அது இன்னும் இறுக்கும் என்று பட்டது.

வாசலில் திறப்புப் போடும் சத்தம்.

பாலச்சந்திரன் பஸ் ஓட்டுநர். விடியற்காலை வேலையை முடித்துக்கொண்டு இந்த நேரத்துக்குத்தான் வருவார். சப்பாத்துக் கழற்றுகிற சத்தம், இருமல், பிறகு, "கலா? என்ன, சமைக்கேல்லையோ?"

பதில் சொன்னால் வந்து பார்ப்பார். சொல்லாவிட்டாலும் வந்து பார்ப்பார்.

"இஞ்சாருங்கோ... இஞ்சை வாங்கோ. பயப்பிடாமல் வாங்கோ."

அவர் கதவடியில் வந்து நின்றார். நிலத்தில் இருந்த மனைவியையும் அவளுடைய கையையும் பார்த்தார். திரும்பி ஓடினார்.

குசினி லாச்சி இழுபடுகிற சத்தம் கேட்டது. மீன் வெட்டுகிற கத்தியோடு திரும்பி வந்தார்.

"கையை நீட்டும்."

"இல்லை!"

"நீட்டும் எண்டு சொல்லுறன்! தலையை வெட்டிப்போட்டு எடுக்கிறன்!"

"வெட்டிறதெண்டால் என்ரை கையையும் சேர்த்து வெட்டுங்கோ!" சிவகலா கத்தினாள். கத்தின பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தலையை வெட்டினாலும் வாய் விடாதப்பா. இதுக்கு நஞ்சு இல்லை. நான் சாகமாட்டன். சத்தியமா நான் சாகமாட்டன். கத்தியைக் கீழை வையுங்கோ."

அவருடைய கண் அவளைப் பார்க்கவில்லை. வேறெங்கோ ஒரு தரையில் படுத்திருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாலா." கலியாணம் கட்டிய இத்தனை வருசத்தில் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்னைப் பாருங்கோ. நான் கதைச்சுக்கொண்டு இருக்கிறன். பாருங்கோ."

அவர் பார்த்தார்.

"வாலைப் பிடிச்சுக் கழட்டுங்கோ. தலைப்பக்கம் தொடாதேங்கோ. வாலிலை இருந்து மெல்ல மெல்ல."

"என்னாலை..."

"எனக்கு ஒரு கைதான் இருக்கு. நீங்கள்தான் கழட்ட வேணும்."

பாலச்சந்திரன் கத்தியைக் கட்டிலில் வைத்தார். முழங்காலில் நின்றார். கையை நீட்டினார், இழுத்தார், திரும்பவும் நீட்டினார். வால் நுனியை இரண்டு விரலால் பிடித்தபோது தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. விடவில்லை. ஒரு சுற்றுக் கழன்றது. கழன்ற துண்டு அவருடைய கையைச் சுற்றப் பார்த்தது.

"சுத்தட்டும். விடுங்கோ, சுத்தட்டும். மற்றச் சுத்தையும் எடுங்கோ."

இரண்டாவது சுற்று. மூன்றாவது. சிவகலாவின் விரல்களுக்கு இரத்தம் திரும்பி ஓடிய வலியில் கண்ணால் தண்ணீர் வந்தது. ஆனால் வாய் மட்டும் விடவில்லை.

"குளிர் தண்ணிக்குப் பிடிச்சுப் பாப்பம்," என்றாள். அது எந்தப் பதிவிலும் கேட்டதல்ல; தானாகத் தோன்றியது. இருவரும் எழுந்தார்கள். அவள் கையில் தலை, அவர் கையில் உடம்பு. கலியாண வீட்டில் மாலையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்போல, அடிமேல் அடி வைத்துக் குளியலறைக்குப் போனார்கள்.

குழாய்த் தண்ணீர் நூல்போலப் பாம்பின் வாயோரம் விழுந்தது. சிவகலா மனதுக்குள் மன்றாடினாள். திடீரென்று அந்த வாய் அகல விரிந்தது. புட்டு தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டது. தான் செய்தது பிழையென்று விளங்கியதுபோல, பாலச்சந்திரனின் கைக்குள் சுருண்டு பந்தாகித் தலையை ஒளித்துக்கொண்டது.

அவர் அசையாமல் நின்றார். பயத்தில் ஒளித்துக்கொண்ட ஒரு உயிரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்பது அவருக்கே நம்பமுடியாமல் இருந்திருக்கவேண்டும்.

"கலா."

"ம்?"

"இதுக்கு எலும்பெல்லாம் தெரியுது. சரியா மெலிஞ்சுபோச்சு."

சிவகலாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டே அழுதாள். "என்னாலைதான். தூக்கக்கூடாதெண்டு நிரு சொன்னவன். நான் ஒவ்வொரு நாளும் தூக்கிறனான். வீடு வெறுமையா இருந்தது..."

அவர் போய்ப் பாம்பைக் கூட்டுக்குள் இறக்கினார். எப்படி இறக்குவதென்று அவள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைச் சாத்தி, பூட்டு விழுந்ததா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு மருந்துக்கடைக்குப் போய்க் கிருமிநாசினியும் பஞ்சும் வாங்கிவந்து, சோறு கறியெல்லாம் மறந்து, அவளுடைய கைக்குக் கட்டுப் போட்டார்.

ஊர்வனப் பிராணிக் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு சிவகலா போன் எடுத்தாள். அந்தப் பெண் ஆறுதலாகக் கேட்டுவிட்டு ஜெர்மனில் சொன்னாள்: கூட்டைத் துணியால் மூடுங்கள், யாரும் கிட்டப் போகவேண்டாம். ஆனால் கடித்த விதத்தைப் பார்த்தால் அதற்குப் பசி வந்துவிட்டது. இருட்டுப் படுகிற நேரம் இன்னொருமுறை கொடுத்துப் பாருங்கள். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

அந்தப் பின்னேரம் நகர மறுத்தது. இருவரும் ஹோலில் இருந்தார்கள். பாம்பைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகவேண்டும் என்று பாலச்சந்திரன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகப்படுத்தியதாகிவிடும்.

கார்த்திகை மாதம். பனிப்புகாரோடு சேர்ந்து வேளைக்கே இருண்டது. அவர்தான் முதலில் எழுந்தார்.

"எலியைச் சூடாக்கும். நேரமாகுது."

புதிதாக ஒன்றை இளக்கினாள். ஆனால் கட்டுப் போட்ட வலக்கையால் இடுக்கியைப் பிடிக்க முடியவில்லை. இடக்கையால் பிடித்தபோது எலி சரிந்து சரிந்து விழுந்தது.

"தாரும் இஞ்சை," என்றார்.

"நீங்களோ?"

"வேறை ஆர் நிக்கினம்?"

அவர் இடுக்கியை வாங்கிக் கண்ணாடியடியில் குந்தினார். அவள் பின்னால் நின்று காதோடு சொன்னாள்: "முகத்துக்கு நேரை கொண்டுபோகாதேங்கோ. பக்கத்தாலை. உயிரோடை நடக்கிற மாதிரி மெல்ல ஆட்டுங்கோ. காணும். இனி அசையாதேங்கோ."

பொந்து வாசலில் மூக்கு நுனி தெரிந்தது. நாக்கு. பிறகு தலை. எலியை முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சிவகலா கணவரின் தோளை இறுக்கிப் பிடித்தாள். போய்விட்டது. அவ்வளவுதான். நாளைக்கு மகனுக்கு என்ன பதில் சொல்வாள்?

பாலச்சந்திரன் அசையவில்லை. பஸ் கதவடியில் தடியூன்றி ஏறுகிற வயோதிபருக்காகக் காத்திருக்கிறவர்போலக் காத்திருந்தார். கை வலித்திருக்கவேண்டும். தோள் நடுங்கியது. இடுக்கி நடுங்கவில்லை.

தலை மெல்லத் திரும்பியது. கழுத்து மடிந்தது.

'டக்' என்றொரு சத்தம். இடுக்கி அவருடைய கையிலிருந்து பறந்து கூட்டுக்குள் விழுந்தது. "அம்மா!" என்று பின்னால் விழப்போனவரை அவள் தாங்கிக்கொண்டாள். கூட்டுக்குள் புட்டு எலியைச் சுற்றி மூன்று சுற்றுப் போட்டு நெரித்துக்கொண்டிருந்தது.

இருவரும் மூச்சுக்கூட விடவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு சுற்றுகள் தளர்ந்தன. பாம்பு எலியின் தலையைத் தேடிப் பிடித்து, தாடையை ஒரு பக்கம் மறுபக்கம் என்று நகர்த்தி நகர்த்தி, உள்ளே இழுக்கத் தொடங்கியது.

"தின்னுது," என்று பாலச்சந்திரன் கிசுகிசுத்தார். "கலா, தின்னுது!"

சிவகலா இடக்கையாலேயே கைத்தொலைபேசியைப் பிடித்துப் படம் எடுத்தாள். வால் மட்டும் வெளியே தெரிகிற கட்டம் வரைக்கும் எடுத்து மகனுக்கு அனுப்பினாள். காயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உடனேயே வீடியோ அழைப்பு வந்தது.

"அம்மா! சாப்பிட்டிட்டுதோ! உண்மையாவோ!" நிருசனின் முகம் திரை முழுக்கச் சிரித்தது. "மத்தியானம் எடுத்தனீங்களே, பாக்கேல்லை. ஏன் எடுத்தனீங்கள்?"

"அது சும்மா. நீ எங்கையடா நிக்கிறாய்? யூனிபோர்மைக் காணேல்லை?"

"முகாமிலைதான் அம்மா. இப்பதான் மாத்தினனான்."

அவனுக்குப் பின்னால் பூப்போட்ட கடதாசி ஒட்டின சுவரும் ஒரு கட்டில் தலைமாடும் தெரிந்தன. சிவகலா அதை விளங்கிக்கொள்ளுமுன் அந்தப் பக்கமிருந்து ஒரு கிழட்டுக் குரல் கேட்டது.

"நிரு... தம்பி... கொஞ்சம் தண்ணி."

நிருசனின் சிரிப்பு அப்படியே நின்றது. திரை கறுப்பாகிவிட்டது.

சிவகலா திரும்பிப் பார்த்தாள். பாலச்சந்திரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை," என்றார்.

லா ஷோ-து-ஃபோன் நகரில் இருக்கிற பத்மநாதன். பாலச்சந்திரனைச் சுவிசுக்குக் கூப்பிட்டெடுத்த தமையன். ஒரு கலியாண வீட்டில் ஊர்ச்சனம் பார்க்க இருவரும் வாய்த்தர்க்கப்பட்டுப் பிரிந்தார்கள். அதன்பிறகு தமையனின் மனைவி இறந்தபோதும் பாலச்சந்திரன் போகவில்லை. அண்ணை என்ற சொல்லையே இந்த வீட்டில் ஒருவரும் எடுப்பதில்லை. நிருசனும் எடுத்ததில்லை.

"அவன் ஆமிக்குப் போகேல்லையோ?" சிவகலாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பாலச்சந்திரன் ஜாக்கெட்டை எடுத்தார். கார்த் திறப்பைத் தேடினார்.

"இந்தக் குளிருக்குள்ளை இப்பவே போறீங்களோ?"

"ஓம்."

"நானும் வாறன்."

"கையோடை எங்கை வாறீர்?"

"கையோடைதான் வாறன்."

கதவைச் சாத்தப் போனவர் நின்றார். "இதைத் தனிய விட்டிட்டுப் போகலாமோ?"

"திண்டு முடிஞ்சால் ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் தொடக்கூடாது. நாங்கள் இல்லாட்டில்தான் அதுக்கு நிம்மதி."

சூரிச்சைத் தாண்டியிருந்தார்கள். பனிப்புகாருக்குள் முன்னே போகிற வாகனங்களின் சிவப்பு வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"படுக்கையிலை கிடக்கிற ஆளின்ரை குரல் அது," என்றார் திடீரென்று. "என்ன வருத்தமோ தெரியாது. என்னைக் கண்டு கதவைச் சாத்தினாலும் பரவாயில்லை. ஒருக்கால் பாத்திட்டு வருவம்."

சிவகலாவின் மடியில் கைத்தொலைபேசி வெளிச்சம் போட்டது. நிருசனின் குறுஞ்செய்தி.

"அம்மா, தயவுசெய்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ. தன்னை இந்தக் கோலத்திலை தம்பி காணக்கூடாதெண்டு பெரியப்பா கெஞ்சுறார்."

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் கொட்டாமல் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட கையால் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். காயம் விண் விண்ணென்று குத்தியது.

"என்னவாம்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை," என்றாள் சிவகலா. "நீங்கள் மெல்ல ஓட்டுங்கோ."